கடையில் இல்லாத மாத்திரை



பெண்கள் உடல்நலம் குறித்து ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் இந்தக் கல்லூரியில் உள்ள இந்த அறக்கட்டளைக்குக் காரணமான அம்மையார். இரத்தசோகை, மகப்பேறு, மார்பகப் புற்றுநோய் பற்றியெல்லாம் எனக்கு முன் வந்தவர்கள் நன்றாகவே பேசியிருக்கிறார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது கல்லூரி மறுக்கவில்லை. தலைப்பை மாற்றவும் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

முதலில் மருந்து. அதன் பெயர் லெவோநார்ஜெஸ்ட்ரல். 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இதே மருந்துதான், அளவுதான் வேறு. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஐந்தாம் நாள் வரை ஓரளவு பலன் உண்டு என்றாலும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

உறவு நடந்த இரவிலேயே கரு உண்டாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். சினைமுட்டையோ வெளிவந்த பிறகு ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே விந்தணு காத்திருக்கிறது, முட்டை வர வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. அதற்குள் விந்தணுவின் ஆயுள் முடிந்துவிடுகிறது. முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் மாத்திரையால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கரு உண்டாகிவிட்டிருந்தால் அதைக் கலைக்காது, அதற்குக் கெடுதலும் செய்யாது. கருக்கலைப்புக்கான மருந்துகள் வேறு. அவை மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால். இந்த மாத்திரையையும் அவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் ஏறத்தாழ 2,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1998இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கியவர்களிடம், உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 விழுக்காடு தடுக்கப்பட்டது. இரண்டாம் நாளில் 85. மூன்றாம் நாளில் 58. பின்னால் வந்த ஆய்வுகள் இவ்வளவு உயர்ந்த எண்களைக் காட்டவில்லை. ஆனாலும் தாமதம் பலனைக் குறைக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான் இன்று பேசப்போவது முழுக்க இந்த மணிக்கணக்கைப் பற்றித்தான். நம் ஊரில் ஓர் இளம்பெண்ணின் அந்த மூன்று நாட்களை யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1960களின் நடுவில் நெதர்லாந்தில், பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமிக்கு மருத்துவர்கள் அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துக் கர்ப்பத்தைத் தடுத்தார்கள். 1974இல் கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே, சாதாரணக் கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டார். குமட்டலும் வாந்தியும் படுத்திய முறை அது. அதை ஓரம்கட்டியதுதான் நான் சொன்ன 1998ஆம் ஆண்டு ஆய்வு. இந்தியாவில் 2005இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே இந்த மாத்திரையை விற்கலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. மணிக்கணக்கில் பலன் குறையும் மருந்துக்கு மருத்துவரைத் தேடி அலைய வைக்கக் கூடாது என்ற தெளிவு அந்த முடிவில் இருந்தது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2000களின் பிற்பகுதியில் இந்த மாத்திரைகளுக்கான விளம்பரங்களுக்கு இங்கே எதிர்ப்பு கிளம்பியது. அதையொட்டிக் கடைகளிலிருந்து மாத்திரை மெல்ல மெல்ல மறைந்துபோனது. சட்டப்படி தடை எதுவும் இல்லை என்றுதான் அதிகாரிகள் பத்திரிகைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் கடையில் கேட்டுப் பாருங்கள். 'ஸ்டாக் இல்லை' என்பார்கள், அல்லது 'அதெல்லாம் பேன் பண்ணிட்டாங்கம்மா' என்பார்கள். தடை போட்டிருந்தால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம், அரசாணையைக் காட்டச் சொல்லலாம். போடாத தடையை யாரிடம் போய் நீக்கச் சொல்வது? ஓசூரில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கிடைக்காத மாத்திரை, எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கிடைக்கிறது. இதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது.

மருத்துவரான என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபத்திரண்டு வயது, தனியார் நிறுவனத்தில் வேலை, விடுதியில் தங்கல். சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்திருக்கிறது. ஞாயிறு காலை முதல் கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் பேன் என்றார்கள். மூன்றாவது கடையில், 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா?' என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். நான்காவது கடையில் ஆண்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்ததால் பாராசிட்டமால் மட்டும் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பெங்களூரில் இருந்த தோழிக்குப் போன் செய்ய, அவள் வாங்கி, ஆம்னி பஸ்ஸில் வந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மதியம் அந்த மாத்திரைப் பட்டையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று அட்டைப்பெட்டியை வழியிலேயே எறிந்துவிட்டார்கள். அதோடு உள்ளே இருந்த விளக்கத் தாளும் போய்விட்டது.

'இப்ப போட்டா வேலை செய்யுமா மேடம்?' என்றுதான் முதலில் கேட்டாள். மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் அறுபதைத் தாண்டியிருந்தது. தண்ணீர் கொடுத்து அங்கேயே போடச் சொன்னேன். கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. 'எங்க ரூம்ல ஒருத்தி இதை அடிக்கடி போடுவா மேடம், நான் அப்படி இல்ல. இதுதான் ஃபர்ஸ்ட் டைம்' என்றாள். தேதியை வாங்குவதற்கு மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் போல் கழித்து, 'பீரியட்ஸ் வந்துடுச்சு மேடம்' என்று செய்தி அனுப்பினாள்.

'நான் அப்படி இல்ல' என்பதை நான் கேட்காத வாரம் குறைவு. மாத்திரை தேடி வரும் ஒவ்வொரு பெண்ணும் அதைப் போடும் மற்ற பெண்களைப் பற்றி ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறாள். அடிக்கடி போடுகிறவள் ஒழுக்கமில்லாதவள், தான் மட்டும் ஒருமுறை தவறியவள். அந்த இன்னொருத்தி என் முன்னால் வந்து உட்கார்ந்தால் அவளும் இதையேதான் சொல்வாள். கடைக்காரரும் வார்டனும் உறவினரும் சொல்லும் சொற்கள் இந்தப் பெண்களுக்குள்ளேயே இறங்கி, ஒருத்தியை ஒருத்தி பார்க்கும் பார்வையாக மாறியிருக்கின்றன. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஏனென்றால், தோழியிடம்கூடச் சொல்ல முடியாதவளுக்கு அந்த 72 மணி நேரத்தில் உதவ யாருமே இல்லை.

இந்த மாத்திரையைப் பற்றிய அச்சங்களும் இப்படித்தான் பரவியிருக்கின்றன. 'இதைப் போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதாமே?' பிறக்கும். இந்த மாத்திரையால் எதிர்காலக் கருத்தரிப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. மருந்து சில நாட்களில் உடலை விட்டுப் போய்விடும். 'கர்ப்பப்பை கெட்டுடுமா?' கெடாது. அந்த மாத மாதவிடாய் சில நாள் முன்னே பின்னே வரலாம், தலைவலி, குமட்டல், மார்பில் வலி இருக்கலாம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்திலும் தவறான நம்பிக்கை உண்டு. ஒருமுறை போட்டுவிட்டால் அந்த மாதம் முழுக்கப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை. முட்டை தள்ளிப்போயிருக்கிறதே தவிர, வராமல் போய்விடவில்லை. மறுநாள் மறுபடி பாதுகாப்பில்லாமல் இருந்தால் கர்ப்பம் ஆகலாம். இன்னொன்றும் உண்டு. கர்ப்பத்துக்குப் பயப்படும் அளவுக்கு இவர்கள் நோய்த்தொற்றுக்குப் பயப்படுவதில்லை. ஆணுறை போட மறுக்கும் ஆண், 'மாத்திரை வாங்கித் தர்றேன்' என்று சொல்லிவிடுகிறான். ஹெச்.ஐ.வி.யிலிருந்தோ வேறு பால்வினை நோய்களிலிருந்தோ இந்த மாத்திரை காப்பாற்றாது. மாதம் இரண்டு முறை இதைப் போட வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தை நான் கேள்வி கேட்கமாட்டேன். அவள் துணைவனைப் பற்றிக் கேட்பேன், அவளுக்கு ஏற்ற அன்றாடக் கருத்தடை முறை எது என்று உட்கார்ந்து பேசுவேன்.

விளம்பரங்கள் மேல் வந்த கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2007இல் ஐ-பில் என்ற பெயரில் இந்த மாத்திரை சந்தைக்கு வந்தபோது தொலைக்காட்சியில் வந்த விளம்பரங்கள் பதற்றத்துக்கு ஒரு மாத்திரை என்ற எண்ணத்தைத்தான் விதைத்தன. அன்றாடக் கருத்தடைக்கு இது மாற்று அல்ல என்பதை அவை அழுத்திச் சொல்லவில்லை. மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டதும் சரி. ஆனால் தவறான விளம்பரத்தைத் திருத்துவதற்குப் பதிலாக மருந்தையே மறைத்துவிட்டோம். விளம்பரம் செய்த நிறுவனங்களுக்கு அதனால் பெரிய இழப்பு வந்துவிடவில்லை, மற்ற மாநிலங்களில் விற்றுக்கொண்டார்கள்.

'கையில் கிடைத்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள்' என்பதே எல்லா எதிர்ப்புக்கும் அடியில் இருக்கும் பயம். இதை உலகத்தில் பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தேவைப்படும் முன்பே மாத்திரையைப் பெண்கள் கையில் கொடுத்துவைத்து ஒப்பிட்டார்கள். பாதுகாப்பில்லாத உறவு கூடவில்லை, பால்வினை நோய்கள் கூடவில்லை, அன்றாடக் கருத்தடையை அவர்கள் கைவிடவும் இல்லை. மாத்திரையை மட்டும் இன்னும் சீக்கிரம் போட்டார்கள். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் ஒட்டுமொத்தக் கர்ப்பங்களின் எண்ணிக்கை குறையவில்லை. எனவே மக்கள்தொகைக்கோ கருக்கலைப்புக் கணக்குக்கோ இது மருந்து என்று நான் வாதாட வரவில்லை. ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில், அவள் உடம்பில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு வழி. அந்த அளவில்தான் நான் இதைக் கேட்கிறேன். அந்த அளவே எனக்குப் போதும்.

இப்படிக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1930களிலேயே பெரியார் கருத்தடையை ஆதரித்து ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத் தடைக்கென்று ஒரு பகுதியே உண்டு. தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் மற்றவர்கள் கருத்தடையை ஆதரித்தார்கள். பெரியார் பெண் விடுதலைக்காக ஆதரித்தார். ஆனால் அரசின் திட்டங்கள் எடுத்துக்கொண்டது அந்த மற்றவர்களின் காரணத்தைத்தான். 1956இலேயே சென்னை மாநில அரசு கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது பெயரளவுக்குத்தான்.

இந்த எண்ணிக்கையை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஓர் இளம்பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். கல்யாணம், உடனே முதல் குழந்தை, அடுத்து இரண்டாவது, அதோடு பிரசவ வார்டிலேயே 'ஆபரேஷன்'. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவளுக்கென்று என்ன ஏற்பாடு இருக்கிறது? கல்யாணமாகாதவளுக்கு அந்தத் தேவையே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். கல்யாணமான புதிதில் கருத்தடையைப் பற்றி விசாரித்தால் மாமியார் வீட்டில் பேச்சு வருகிறது. கத்தி வைக்கச் சம்மதம் கேட்டு நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும் அளவுக்கு விவரம் உள்ளவள் என்று நம்பும் அதே பெண்ணை, ஒரு மாத்திரையைக் கேட்டு வாங்கும் அளவுக்கு நாம் நம்பவில்லை.

மாத்திரை கிடைக்காததால் தேவை போய்விடுவதில்லை. கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண்ணை அவள் அம்மா ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆணுறை நழுவியிருக்கிறது, கணவர் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு 'பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டார். நாள் தள்ளிப்போனது. அவள் படிப்பில் கடைசிப் பருவத் தேர்வு பாக்கி இருந்தது. யாரோ தெரிந்தவர் மூலம் 'கலைக்கிற மாத்திரை' வாங்கி வீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். எத்தனை வாரம் என்று பார்க்கவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை. மூன்று வாரமாக இரத்தப்போக்கு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைக் காகிதம் போல இருந்தது. ஹீமோகுளோபின் ஐந்து. இரத்தம் ஏற்றி, உள்ளே தங்கியிருந்ததைச் சுத்தம் செய்து அனுப்பினோம். அம்மா தாழ்வாரத்தில் நின்று அழுதுகொண்டே கேட்டார்: 'முதல்லயே ஒரு மாத்திரை இருந்துச்சாமே டாக்டரம்மா, அது ஏன் எங்களுக்குக் கிடைக்கல?'

நாடு முழுதும் நடக்கும் கருக்கலைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் பெண்கள் தாங்களாகவே வீட்டில் செய்துகொள்வது என்கிறது நான் முன்பு சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பு. கருக்கலைப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஏறத்தாழ பாதி, திட்டமிடாத கர்ப்பம். சட்டம் இந்தப் பெண்களுக்கு எதிராக இல்லை. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தில் 'கணவர்' என்ற இடத்தில் 'துணைவர்' என்று வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமான பெண்ணுக்கு உள்ள கருக்கலைப்பு உரிமை திருமணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அவசரக் கருத்தடை கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மருத்துவமனைகளுக்குச் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் சிறுமிகள் மருத்துவமனைப் பக்கமே வராமல் போவது தனியே பேச வேண்டிய விஷயம். தகவல் சொல்வது எங்கள் கடமை என்பதற்காகச் சிகிச்சை மறுக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மத்திய அரசின் திட்டத்தில் இதே மாத்திரை 'ஈசி பில்' என்ற பெயரில் இருக்கிறது. ஆஷா பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து இரண்டு ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான் இருக்கிறார்கள். இங்கே ஊர் ஊராகப் போகிறவர் கிராம சுகாதாரச் செவிலியர். பிரசவ தேதியையும் தடுப்பூசியையும் விரல் நுனியில் வைத்திருக்கும் அந்தச் செவிலியர்களின் பையில் இந்தப் பட்டை இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: இந்த மாத்திரைக்குத் தடை இல்லை, வைத்திருக்கலாம், விற்கலாம், வயது வந்த பெண்ணிடம் கல்யாணமாயிற்றா என்று கேட்க வேண்டியதில்லை.

அதுவரை நீங்கள் என்ன செய்வது? மாணவிகளுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்குச் சில மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அவர்களுக்கு இந்த அளவு போதாது. உடல் எடை மிக அதிகம் என்றாலும் பலன் குறையலாம். மாத்திரை எங்குமே கிடைக்கவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போய், கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி கேளுங்கள். ஐந்து நாளுக்குள் போட்டால் அதைவிட உறுதியான அவசரக் கருத்தடை வேறில்லை, 99 விழுக்காட்டுக்கு மேல் பலன். பிள்ளை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் என்ற அன்றாடக் கருத்தடை மாத்திரைகளைக் கொண்டே யூஸ்பே முறையில் சமாளிக்கவும் முடியும். எத்தனை, எத்தனை மணி இடைவெளியில் என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள், குமட்டலுக்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தால் காத்திருக்காதீர்கள், அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம்.

கல்லூரி முதல்வர் அவர்களிடம் மேடையிலேயே ஒரு கோரிக்கை வைக்கிறேன். பதிவுபெற்ற மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மருத்துவ அறைக்கு வாரந்தோறும் வரும் மருத்துவரிடம் இந்த மாத்திரைகள் சில இருக்கட்டும். செலவு என்று பார்த்தால் பட்டைக்கு நூறு ரூபாயைச் சுற்றி. முதல் ஆண்டுக்கு நான் வாங்கித் தருகிறேன். விடுதி வார்டன் அம்மாவுக்குத் தகவல் போகாது என்ற உறுதியை மட்டும் நீங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள். எழுந்து நின்று கேட்கத் தயக்கமிருக்கும் என்பதால் வாசலில் வெள்ளைத் தாள்கள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயரில்லாமல் எழுதிக் கொடுங்கள், நேரம் எவ்வளவு ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டே கிளம்புவேன்.